கல்லூரி நிலை ஃபுட்பால் நடுவர் முகாம்: பத்து வாரத்தில் எப்படித் தயாராவது?

லைன்ஜட்ஜ்41

வணக்கம். நான் கேட்பது சாக்கர் பற்றி அல்ல, அமெரிக்கன் ஃபுட்பால் பற்றி. கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட சட்டை மாட்டுகிற நாலைந்து பேராவது இங்கே இருப்பதைப் பழைய இழைகளில் பார்த்திருக்கிறேன். அந்த நம்பிக்கையில் எழுதுகிறேன்.

எட்டு சீசனாக உயர்நிலைப் பள்ளி ஆட்டங்களுக்கு நடுவராகப் போகிறேன். மகன் சின்னவனாக இருந்தபோது பக்கக்கோட்டில் செயின் (முன்னேற வேண்டிய தூரத்தை அளக்கும் சங்கிலி) பிடிக்க ஆள் இல்லை என்று கூப்பிட்டார்கள், அன்றைக்குத் தொற்றிக்கொண்டது. அவன் விளையாட்டை விட்டு மூன்று வருஷம் ஆகிறது. நான் விடவில்லை. என் க்ரூ எப்போதும் ஐந்து பேர், நான் லைன் ஜட்ஜ், அதாவது பந்து வைக்கும் கோட்டின் ஒரு முனையில் பக்கக்கோட்டோரம் நிற்பவன். வெள்ளி இரவு வார்சிட்டி (பள்ளியின் முதல் அணி), திங்கள் மாலை ஜூனியர் வார்சிட்டி.

ஜூன் முதல் வாரம் ஒரு முகாமில் இடம் கிடைத்திருக்கிறது. டிவிஷன் 3 (கல்லூரி விளையாட்டின் மூன்றாம் படி) ஆட்டங்களுக்கு நடுவர்களை எடுக்கும் மேற்பார்வையாளர்கள் வந்து பார்ப்பார்கள். முதல் நாள் வகுப்பும் விதித் தேர்வும். மறுநாள் கல்லூரி மைதானத்தில் பள்ளி அணிகளின் கோடைப் பயிற்சி ஆட்டம், ஏழு பேர் க்ரூவாக நிற்க வேண்டும். அன்று இரவே வீடியோ போட்டு ஒவ்வொருவரைப் பற்றியும் பேசுவார்கள்.

இரண்டு வருஷம் முன்னால் வேறொரு முகாமுக்குப் போய் வெறுங்கையோடு திரும்பினேன். என் பக்கத்தில் ஒரு ஓட்டம், பன்னிரண்டு யார்டு. பந்து நின்ற இடத்தை அச்சுப்பிசகாமல் காட்டினேன். மதிப்பிட வந்தவர் ஒரே கேள்விதான் கேட்டார்: "ஸ்னாப் (பந்தைப் பின்னால் கொடுத்து ஆட்டத்தைத் தொடங்குவது) ஆனதும் உன் பக்கத்து டேக்கிள் (முன்வரிசை ஓரத்துத் தடுப்பாளன்) என்ன செய்தான்?" எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். சூரியன் முகத்தில் அடித்தது, ரிசீவர் (எறியும் பந்தைப் பிடிப்பவன்) குறுக்கே வந்தான் என்று விளக்கம் சொல்லிக்கொண்டே போனேன். அவர் தலையாட்டிவிட்டு அடுத்தவரிடம் போய்விட்டார். அந்தத் தலையாட்டல் இன்னும் மனதில் இருக்கிறது.

இன்னும் பத்து வாரம் இருக்கிறது. எதில் நேரத்தைப் போடுவது? விதிப் புத்தகமா, ஓட்டப் பயிற்சியா, ஏழு பேர் மெக்கானிக்ஸா (யார் எங்கே நின்று எதைப் பார்ப்பது என்ற முறை)? இந்த வழியில் போனவர்கள் சொல்லுங்கள்.

வெள்ளைத்தொப்பி (ஒஹாயோ)

தம்பி, அந்த டேக்கிள் கேள்வியிலேயே உன் பதில் பாதி இருக்கிறது. நான் பதினான்கு வருஷமாகக் கல்லூரி ஆட்டம் செய்கிறேன், கடைசி ஆறு வருஷம் ரெஃப்ரி, அதாவது க்ரூவின் தலைமை நடுவர். முகாம்களில் மதிப்பிடும் பக்கத்திலும் நின்றிருக்கிறேன். அங்கிருந்து பார்த்தால் தெரிவதைச் சொல்கிறேன்.

எங்கள் கண் பெரும்பாலும் பந்து மேல் இருக்காது, உன் தொப்பி மேல் இருக்கும். தொப்பி எந்தப் பக்கம் திரும்புகிறதோ அங்கேதான் உன் கண் இருக்கிறது. ஸ்னாப் ஆனவுடன் பந்தைத் தேடித் திரும்புகிற தொப்பியை முப்பது யார்டு தள்ளி நின்றே கண்டுபிடித்துவிடலாம். பந்தைப் பார்க்க மைதானத்தைச் சுற்றி ஆயிரம் பேர் இருக்கிறார்கள். உனக்கென்று கொடுத்த இரண்டு ஆட்டக்காரர்களைப் பார்க்க நீ ஒருவன்தான் இருக்கிறாய்.

ஆகவே பத்து வாரத்தில் ஆறு வாரத்தை ஸ்னாப்புக்கு முந்தைய சில நொடிகளுக்குக் கொடு. எத்தனையாவது டவுன் (பத்து யார்டு முன்னேறக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் ஒன்று), எவ்வளவு தூரம், கடிகாரம் ஓடுகிறதா நிற்கிறதா, பக்கக்கோட்டில் செயின் சரியாக இருக்கிறதா, கடைசி ரிசீவர் கோட்டின் மேல் நிற்கிறானா பின்னால் நிற்கிறானா (பின்னால் என்றால் கையைப் பின்பக்கம் நீட்டிக் காட்டு), என் கீ (நான் கண் வைக்க வேண்டிய ஆட்டக்காரன்) யார், அவன் முதல் அடி எந்தப் பக்கம் வைத்தால் நான் என்ன செய்வேன். இதே வரிசை, ஒவ்வொரு ஸ்னாப்புக்கும். வாய்க்குள் முணுமுணுத்துச் சொல்லிக்கொள். நான் தமிழில்தான் சொல்லிக்கொள்வேன், இன்றைக்கும். முதல் ஆட்டத்திலிருந்து அப்படியே பழகிவிட்டது. வேகமாக வருகிறது, மனசும் அடங்குகிறது.

இதை மைதானத்துக்குப் போகாமலே பழகலாம். உன் க்ரூவின் பழைய ஹட்ல் (ஆட்ட வீடியோ தளம்) வீடியோவை எடு. கோல் கம்பத்துக்குப் பின்னாலிருந்து எடுத்த காட்சி இருந்தால் அதுதான் தங்கம். ஸ்னாப்புக்கு முன் நிறுத்து. உன் கீ யார் என்று சத்தமாகச் சொல். ஓடவிடு. விசில் வரைக்கும் அவனை மட்டும் பார். பந்து எங்கே போனது என்றே தெரியாமல் ஒரு முழு ஆட்டத்தையும் பார்த்து முடித்தாயானால் நீ தயாராகிவிட்டாய் என்று வைத்துக்கொள்.

விசிலுக்குப் பிறகு வருவதையும் மறக்காதே. பள்ளி ஆட்டத்தில் விசில் ஊதியதும் நிறைய பேர் பந்தை எடுக்கக் குனிவார்கள். அந்த இரண்டு நொடியில்தான் தள்ளல், மிதி, வாய்ச்சண்டை எல்லாம் நடக்கும். இடத்தைக் காலால் பிடித்து நின்று, தலையை நிமிர்த்தி, கூட்டம் கலையும்வரை ஆட்களைப் பார். பந்து எங்கேயும் ஓடிப்போகாது.

டெக்சஸ்_பேக்ஜட்ஜ்

அண்ணா சொன்னது அத்தனையும் சரி. நான் விதிப் பக்கத்துக்கு வருகிறேன். எங்கள் ஊரில் பள்ளி ஆட்டமே என்சிஏஏ (கல்லூரி விளையாட்டு அமைப்பு) விதிகளை அடிப்படையாக வைத்துத்தான் நடக்கிறது, அதனால் இந்த மாற்றம் எங்களுக்குப் பெரிதாக வலிக்காது. நீங்கள் எட்டு வருஷம் என்எஃப்எச்எஸ் (உயர்நிலைப் பள்ளி) விதியில் ஊறியவர். ஆபத்து மூளையில் இல்லை, கையில் இருக்கிறது. தேர்வில் சரியாக எழுதிவிட்டு மைதானத்தில் பழைய பழக்கத்தில் விசில் ஊதுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். லைன் ஜட்ஜுக்கு எங்கெல்லாம் கை முந்தும் என்று சொல்கிறேன்.

முதலாவது, தற்காப்பு ஆள் ஸ்னாப்புக்கு முன் கோட்டைத் தாண்டுவது. பள்ளியில் அது என்க்ரோச்மென்ட், உடனே விசில், ஆட்டம் நின்றது. கல்லூரியில் அவன் யாரையும் தொடாமல், தாக்கும் அணிக்காரனை அசைய வைக்காமல் ஸ்னாப்புக்குள் திரும்பிவிட்டால் குற்றமே இல்லை. திரும்பாவிட்டாலும் பெரும்பாலும் கொடியைப் போட்டுவிட்டு ஆட்டத்தை ஓடவிட வேண்டும். எதிர்ப்பே இல்லாமல் குவார்ட்டர்பேக்கை (பந்தை எறிபவனை) நோக்கிப் பாய்ந்தால்தான் விசில். வாயில் விசில் வைத்துப் பழகிய லைன் ஜட்ஜ் முகாமில் முதலில் மாட்டுவது இங்கேதான். பத்து வாரமும் விசிலைக் கையில் வைத்துப் பழகுங்கள்.

இரண்டாவது கடிகாரம். பள்ளியில் முதல் டவுன் (புதிதாக நான்கு முயற்சி) கிடைத்தால் கடிகாரத்தை நிறுத்தக் கை தானாக மேலே போகும். கல்லூரியில் 2023-ல் டிவிஷன் 1 அதை மாற்றியது. இப்போது ஒவ்வொரு பாதியின் கடைசி இரண்டு நிமிடத்தில் மட்டும்தான் முதல் டவுனுக்கு நிறுத்தம். உங்கள் முகாமில் எந்த விதியில் ஆடப்போகிறார்கள் என்று ஒரு வாரம் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். எல்லைக்கு வெளியே போன பந்துக்கும் இதே கவனம் வேண்டும். பள்ளியில் அடுத்த ஸ்னாப்பில்தான் கடிகாரம் ஓடும். கல்லூரியில் கடைசி இரண்டு நிமிடம் தவிர மற்ற நேரமெல்லாம் ரெஃப்ரி கை காட்டியதும் ஓட ஆரம்பித்துவிடும்.

மூன்றாவது பாஸ் இன்டர்ஃபியரன்ஸ், அதாவது பாஸைப் பிடிக்க வருபவனை முறைகேடாகத் தடுப்பது. பள்ளியில் தற்காப்பு அணிக்கு 15 யார்டு தண்டனை, தானாக முதல் டவுன் கிடையாது. கல்லூரியில் குற்றம் 15 யார்டுக்குள் நடந்தால் நடந்த இடத்திலேயே பந்து, அதைத் தாண்டினால் 15, இரண்டிலும் முதல் டவுன். பிடிக்கவே முடியாத பாஸுக்குக் கல்லூரியில் அந்தக் குற்றம் இல்லை. கொடி போடும் முன் பந்து எங்கே விழுந்தது என்ற கேள்வி மனசுக்குள் வந்தாக வேண்டும்.

மற்றவை வேகமாக. பாஸ் போகும்போது லைன்மேன் முன்னேறக்கூடிய தூரம் பள்ளியில் 2 யார்டு, கல்லூரியில் 3. கிக்காஃப் (தொடக்க உதை) கோல்கோட்டைத் தாண்டினால் பள்ளியில் அப்போதே டச்பேக் (ஆட்டம் நின்று பந்து பெறும் அணிக்கு), கல்லூரியில் எடுத்து ஓடலாம். டச்டவுனுக்குப் பிந்தைய முயற்சியில் பந்து தற்காப்பு அணியிடம் போனால் பள்ளியில் முடிந்தது, கல்லூரியில் மறுமுனைவரை ஓடி 2 புள்ளி எடுக்கலாம். பந்து வைக்கும் எல்லையான ஹாஷ் கோடுகளுக்கு இடையே பள்ளியில் 53 அடி 4 அங்குலம், கல்லூரியில் 40 அடி. இந்தக் கடைசி விஷயம் விதித் தேர்வில் வராது, ஆனால் உங்கள் காலுக்குத் தெரியும். பந்து உங்கள் பக்க ஹாஷில் இருந்தாலும் முன்பைவிடத் தள்ளித்தான் இருக்கும்.

டார்கெட்டிங் தனிப் பாடம். 2008-ல் விதி வந்தது, 2013-லிருந்து ஆட்டத்தை விட்டு வெளியேற்றம். ஹெல்மெட் உச்சியால் இடிப்பது ஒரு வகை, தற்காத்துக்கொள்ள முடியாத நிலையில் இருப்பவனின் தலை, கழுத்தில் தாக்குவது இன்னொரு வகை. இரண்டையும் குழப்பாமல் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். புத்தகத்தில் ஒவ்வொரு விதியின் உதாரணத் தீர்ப்புகளையும் படியுங்கள். இரண்டாம் விதியான வரையறைகளை இரண்டு தடவை படியுங்கள். அது புரிந்தால் மற்றவை தானாக நிற்கும்.

லைன்ஜட்ஜ்41

விசில் விஷயத்தைப் படித்ததும் முதுகு நிமிர்ந்துவிட்டது. எனக்கு விசில் எப்போதும் பல்லுக்கு இடையில்தான். இன்று முதல் விரலில் மாட்டும் வகைக்கு மாறுகிறேன்.

ஏழு பேர் க்ரூவில் லைன் ஜட்ஜின் வேலை எவ்வளவு மாறுகிறது? ஐந்து பேரில் என் பக்கம் கோல்கோடு வரைக்கும் நான்தான் ஓடுவேன்.

மினசோட்டா_சைடுஜட்ஜ்

அந்த ஓட்டத்தைத்தான் முதலில் விட வேண்டும், அண்ணா. நான் கல்லூரி நிலைக்கு வந்து இது மூன்றாவது வருஷம். முதல் முகாமில் நான் சறுக்கியதும் இதே இடத்தில்தான்.

ஏழு பேரில் உங்கள் பக்கத்திலேயே சுமார் இருபது யார்டு ஆழத்தில் ஃபீல்டு ஜட்ஜ் நிற்பார். எதிர்ப் பக்கக்கோட்டில், ஹெட் லைன்ஸ்மேன் நிற்கும் பக்கம், சைடு ஜட்ஜ். நடுவில் இன்னும் ஆழத்தில் பேக் ஜட்ஜ். ஆழத்தில் ஆள் இருப்பதால் உங்களுக்குப் பொறுமை வேண்டும். ரிசீவர் பின்னால் ஓடினீர்களானால் நீங்கள் விட்டுப்போன இடத்தில் ஸ்கிரீன் பாஸ் (கோட்டுக்குப் பின்னால் எறியும் குட்டைப் பாஸ்) நடக்கும், குவார்ட்டர்பேக் எறிந்தது கோட்டுக்கு முன்னாலா பின்னாலா என்று சொல்ல ஆள் இருக்காது. அது உங்கள் வேலை. மதிப்பீட்டாளர் அதற்காகவே காத்திருப்பார்.

கீயும் மாறும். வெளிப்புற ரிசீவரை ஃபீல்டு ஜட்ஜ் எடுத்துக்கொள்வார். உங்கள் முதல் பார்வை உள்ளே வரும், டேக்கிளின் முதல் அசைவிலிருந்து ஓட்டமா பாஸா என்று படிப்பீர்கள். இரண்டு வருஷம் முன்னால் உங்களிடம் டேக்கிளைப் பற்றிக் கேட்டது இதனால்தான் என்று நினைக்கிறேன்.

வீட்டில் பழக ஒரு வழி சொல்கிறேன். பெரிய தாளில் மைதானம் வரைந்து ஏழு நாணயம் வையுங்கள். ரிசீவர் வரிசையை மாற்றி மாற்றி வைத்து யாருடைய கீ யார் என்று சொல்லுங்கள். ஒரு பக்கம் மூன்று பேர் நின்றால் எப்படிப் பிரியும்? ஒருவன் ஸ்னாப்புக்கு முன் மறுபக்கம் ஓடினால் கீ கைமாறுமா? என் பத்து வயது மகளோடுதான் இதைச் செய்தேன். கேள்வி கேட்பது அவள்.

அடுத்தது குரல். விங், அதாவது பக்கக்கோட்டு நடுவர், நிற்பது பயிற்சியாளரின் காதோரம். அவர் கத்துவார். பெண் குரலுக்கும் நம்முடைய உச்சரிப்புக்கும் முதல் கால்பகுதியில் ஒரு சோதனை இருக்கும், எனக்கு இருந்தது. பதில் குட்டையாக இருக்கட்டும். "நான் பார்த்தது இது, கோச்." அவ்வளவுதான். தெரியாததற்கு "என் பார்வையில் இல்லை, கேட்டுச் சொல்கிறேன்" என்று சொல்லிவிட்டு, சொன்னபடி கேட்டு வந்து சொல்லுங்கள். பார்க்காததைப் பார்த்ததாகச் சொன்னால் அந்த ஆட்டம் முழுக்க உங்கள் வார்த்தை நிற்காது.

சாரா தாமஸ் 2007-ல் பெரிய கல்லூரி ஆட்டத்தில் நடுவராக நின்ற முதல் பெண். 2015-ல் என்எஃப்எல் (தொழில்முறை லீக்), 2021-ல் அதன் இறுதிப் போட்டியான சூப்பர் பவுல். என் மகளுக்கு அந்த வருஷங்கள் மனப்பாடம்.

டெக்சஸ்_பேக்ஜட்ஜ்

நம்மவர்களுக்கு நெருக்கமான இன்னொரு பெயரையும் சேர்க்கிறேன். லோ வான் ஃபாம். அகதியாகக் குடும்பத்தோடு வந்து டெக்சஸில் வளர்ந்தவர். பிக் 12 என்ற கல்லூரிக் கூட்டமைப்பின் ஆட்டங்களில் நின்று, 2022-ல் என்எஃப்எல்லின் முதல் ஆசிய அமெரிக்க நடுவரானார். எங்கள் சங்கக் கூட்டத்தில் அந்தச் செய்தி வந்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் என் அனுபவத்தைச் சொல்லிவிடுகிறேன். முகாமில் கொடியே போடாமல் திரும்பிவிடாதீர்கள். ஒரு முழு நாளில் உங்களுக்கு முப்பது நாற்பது ஸ்னாப்தான் கிடைக்கும். எதையும் தீர்ப்பளிக்காதவனை யாருக்கும் நினைவிருக்காது.

வெள்ளைத்தொப்பி (ஒஹாயோ)

இங்கே நான் உடன்படவில்லை. கண்ணில் பட வேண்டும் என்று போடுகிற கொடி வீடியோவில் பளிச்சென்று தெரியும். ஹோல்டிங்கை எடுத்துக்கொள்வோம். பிடித்திருக்கிறான், சரி. அது தற்காப்பு ஆளைத் தடுத்ததா? பந்து போன வழியில் நடந்ததா? மறுபக்கம், ஆட்டத்துக்குச் சம்பந்தமே இல்லாத இடத்தில் சட்டையைப் பிடித்ததற்குக் கொடி போட்டால் இரவு வீடியோ அறையில் எல்லார் முன்னாலும் "ஏன்?" என்று கேட்பார்கள்.

டெக்சஸ்_பேக்ஜட்ஜ்

சும்மா போடச் சொல்லவில்லை அண்ணா. பார்த்ததைப் போடப் பயப்படாதே என்கிறேன். முகாமில் பெரும்பாலானவர்கள் கொடியைப் பிடித்துக்கொண்டே நிற்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

வெள்ளைத்தொப்பி (ஒஹாயோ)

பார்த்திருக்கிறேன். அதில் நீ சொல்வது சரி. அப்படியானால் இப்படி வைத்துக்கொள்வோம்: கொடி போட்டால் அதற்குப் பெயர் சொல்லத் தெரிய வேண்டும். பாஸ் இன்டர்ஃபியரன்ஸ் என்று மட்டும் சொன்னால் போதாது. பந்தைப் பார்க்காமல் முன்கூட்டியே மோதினானா, கையை மடக்கி அணை போட்டானா, கொக்கி போட்டுத் திருப்பினானா, ஓடும் வழியை அடைத்தானா, முதுகு வழியாக வந்தானா, பிடித்து நிறுத்தினானா? இந்த ஆறில் எது என்று ரெஃப்ரியிடம் ஒரு வரியில் சொல்ல முடிந்தால் கொடி நியாயமானது. சொல்ல முடியாவிட்டால் கொடி இடுப்பிலேயே இருக்கட்டும்.

ஆல்பனி_வாசகி

நான் நடுவர் இல்லை, ஒரு நடுவரின் மனைவி. மூன்று வருஷமாகக் கல்லூரி ஆட்டத்துக்குப் போகிறார். யாரும் சொல்லாததால் எழுதுகிறேன்.

முகாமில் தேறினால் சனிக்கிழமை போய்விடும். காலையில் கிளம்பி மூன்று மணி நேரம் ஓட்டிப் போய், ஆட்டம் முடித்து, இரவு வருவார். தமிழ்ப் பள்ளிக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போவது, நவராத்திரிக் கொலு, பெரும்பாலும் தீபாவளிகூட சீசனுக்குள்தான் வருகிறது. வெள்ளிக்கிழமை பள்ளி ஆட்டமும் சேர்ந்தால் ஆகஸ்டிலிருந்து நவம்பர் வரைக்கும் வீட்டில் ஒரு ஆள் குறைவு. நாங்கள் முகாமுக்கு முன்னாலேயே உட்கார்ந்து காலண்டரில் குறித்துப் பேசினோம். எந்த இரண்டு சனிக்கிழமை அவர் கட்டாயம் வீட்டில் என்று முடிவு செய்து, ஆர்பிட்டரில் (நடுவர்களுக்கு ஆட்டம் ஒதுக்கும் தளம்) அந்த நாட்களை அடைத்துவிட்டோம். வீட்டில் கேட்காமல் போகாதீர்கள். கேட்டால் நாங்கள் தடுக்க மாட்டோம். அந்தச் சட்டையை அவர் இஸ்திரி போடும்போது முகத்தைப் பார்க்கிறேனே.

லைன்ஜட்ஜ்41

நன்றி அம்மா. இன்று இரவே பேசுகிறேன்.

மினசோட்டா_சைடுஜட்ஜ்

சட்டை என்றதும் நினைவு வந்தது. பொசிஷன் எழுத்து முதுகில் வேண்டுமா என்று முகாம் அனுப்பும் தாளில் பாருங்கள். ஷூ முழுக் கறுப்பு, புதிதாக வாங்கினால் இப்போதே வாங்கிப் போட்டுப் பழக்குங்கள். முகாமன்று புது ஷூ போட்டுக் கால் கொப்பளித்து நின்ற ஒருவரை நான் பார்த்தேன். சில முகாம்களில் ஓட்டத் தேர்வும் இருக்கும். நேராக ஓடுவது போதாது, பின்னோக்கி ஓடுவதும் பக்கவாட்டில் நகர்வதும் வாரம் மூன்று நாள் செய்யுங்கள். ஜூன் வெயிலுக்கு முந்தின நாளே தண்ணீர் குடிக்க ஆரம்பியுங்கள்.

லைன்ஜட்ஜ்41 (ஜூன் இரண்டாம் வாரம்)

போய் வந்துவிட்டேன். காத்திருந்தவர்களுக்காக எழுதுகிறேன்.

விதித் தேர்வில் இரண்டு கேள்வி தவறு, இரண்டுமே தண்டனை எங்கிருந்து அளப்பது என்பதில். மைதானத்தில் முதல் ஆறு ஸ்னாப் கை நடுங்கியது. ஏழாவதில் தற்காப்பு எண்ட் (வரிசையின் ஓரத்து ஆள்) கோட்டைத் தாண்டி வந்தான். விசில் கையில் இருந்தது, வாய்க்குப் போகவில்லை. அவன் திரும்பிப் போனான், ஸ்னாப் ஆனது, ஆட்டம் நடந்தது. எதுவும் நடக்காத அந்த ஆட்டம்தான் எனக்கு அன்றைக்குப் பெரியது.

கொடி இரண்டு. ஒன்று அணை போட்டது. ரெஃப்ரியிடம் அந்த வார்த்தையைத்தான் சொன்னேன். இன்னொன்று ஹோல்டிங், பந்து போன வழிக்கு வெளியே. போட்ட அந்த நொடியே தெரிந்துவிட்டது.

இரவு வீடியோ அறையில் அதைத்தான் நிறுத்திக் காட்டினார்கள். "இது உனக்கு வேண்டுமா?" என்று கேட்டார் மேற்பார்வையாளர். "வேண்டாம் சார், மறுபக்கம் நடந்தது" என்றேன். வேறெதுவும் சொல்லவில்லை. அவர் அடுத்த வீடியோவுக்குப் போகாமல் அதே ஆட்டத்தைத் திரும்ப ஓடவிட்டு, "உன் கால்களைப் பார்" என்றார். ஓட்டம் என்று தெரிந்ததும் நான் மைதானத்துக்குள் இரண்டு அடி வைத்துவிடுகிறேன். பந்தோடு ஓடுபவன் பக்கக்கோட்டோரம் வெட்டி வந்தால் என்னைத் தாண்டிப் போய்விடுவான். எட்டு வருஷமாக யாரும் இதைச் சொன்னதில்லை. பதினைந்து நிமிடம் என்னோடு உட்கார்ந்து காட்டினார்.

சீசன் தொடங்கியதும் முதல் மூன்று ஆட்டத்தின் வீடியோவை அனுப்பச் சொல்லியிருக்கிறார். மாற்று ஆள் பட்டியலில் பெயர் இருக்கும், யாராவது வர முடியாமல் போனால் கூப்பிடுவார்கள். அவ்வளவுதான் இப்போதைக்கு.

வீட்டில் பேசியாயிற்று. அக்டோபரில் இரண்டு சனிக்கிழமை அடைத்திருக்கிறேன்.

வெள்ளைத்தொப்பி (ஒஹாயோ)

பதினைந்து நிமிடம் உட்கார்ந்தாரா? எங்கள் ஆட்கள் வேண்டாதவனிடம் இரண்டு நிமிடம் கூட உட்கார மாட்டார்கள். அந்தக் கால் வீடியோவை எனக்கும் அனுப்பு, தம்பி. ஆகஸ்டுக்குள் சரி செய்துவிடலாம்.